எயார் பிரஷுக்கு எந்தப் பெயின்ட், எவ்வளவு தின்னர்? கல்முனைத் தம்பிக்கு ஒரு பதில்

கல்முனையிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். ஒன்லைனில் சின்னக் கொம்பிரசரோடு ஒரு எயார் பிரஷ் வாங்கினாராம். காற்றின் அமுக்கத்தால் பெயின்ட்டை அடிக்கும் சின்னக் கருவி அது, பெயின்ட் வெளியே வரும் நொசில் 0.3 மில்லிமீற்றர். இப்போதைக்குப் பிளாஸ்டிக் மொடல் விமானங்களுக்கு அடிக்க வேண்டும், கை வந்தபிறகு ஹெல்மெட், மோட்டார் சைக்கிள் டாங்கி என்று போக வேண்டும் என்பது ஆசை. ஹாட்வெயார் கடையில் எனாமல் டின் ஒன்றும், அதை இளக்க அதே கடையில் கொடுத்த என்.சி. தின்னரும் வாங்கிக் கலந்து அடித்திருக்கிறார். முதல் நாள் துப்பித் துப்பி அடித்தது. இரண்டாம் நாள் தின்னரைக் கூட்டினார், விமானத்தின் செட்டையே இளகிப்போனது. "எந்தப் பெயின்ட் வாங்குவது, எத்தனைக்கு எத்தனை கலப்பது?" என்பது கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போவது எனக்கு லேசு. வீடியோக்களில் "ஒன்றுக்கு ஒன்று" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் பலர் இருப்பது குளிர்ந்த நாட்டில், கதவு பூட்டிய அறையில். நீங்கள் இருப்பது ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வயலுமான ஊரில். அதே போத்தல், அதே தின்னர், ஆடியில் கலந்தால் ஒரு மாதிரி அடிபடும், கார்த்திகையில் கலந்தால் வேறு மாதிரி. மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு சின்னக் கொட்டிலில் இந்த வேலையைச் செய்யத் தொடங்கி, விகிதத்தைக் கொப்பியில் எழுதி வைத்து, அந்தக் கொப்பியை நம்பிக் கெட்டவன் நான். எண்களைத் தருகிறேன், ஆனால் அவை தொடங்குவதற்கு மட்டும்.

முதலில் செட்டை ஏன் இளகியது என்று பார்ப்போம். பெயின்ட் என்பது மூன்று சாமான் சேர்ந்தது. நிறத்தைக் கொடுக்கும் தூள், அந்தத் தூளை மேற்பரப்பில் பிடித்து வைக்கும் பிசின், இரண்டையும் ஓடவைக்கும் திரவம். தின்னரைத் தீர்மானிப்பது நிறமும் அல்ல, கொம்பனிப் பெயரும் அல்ல, நடுவில் இருக்கிற அந்தப் பிசின். உங்கள் எனாமலில் இருப்பது அல்கைட் பிசின். அதற்கு மினரல் டர்பன்டைன் போதும், டின்னிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். என்.சி. தின்னர் என்பது நைற்றோசெலுலோஸ் லக்கருக்காகச் செய்த சூடான தின்னர். டொலுயீன், அசிற்றேட் வகைகள், அல்ககோல் என்று பல கரைப்பான்கள் அதில் சேர்ந்திருக்கும். மொடல் செய்யும் பிளாஸ்டிக் பொலிஸ்டைரின். அதை இந்தக் கரைப்பான்கள் தின்றுவிடும். நீங்கள் செட்டைக்குப் பெயின்ட் அடிக்கவில்லை தம்பி, பசை அடித்திருக்கிறீர்கள்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் செய்தது இதைவிடப் பெரிய கூத்து, உண்மையாகவே கூத்து. ஊரில் ஒரு வடமோடிக் கூத்து அரங்கேற்றத்துக்கு ரெஜிபோமில் வெட்டிய கிரீடங்களுக்குப் பொன்னிறம் அடித்துத் தரச் சொன்னார்கள். மரத்தில் செய்கிற பழைய முடி பாரம் என்று இளைஞர்கள் ரெஜிபோமில் வெட்டியிருந்தார்கள். கார் லக்கரில் பொன்னிறம் நன்றாக மினுங்குமே என்று அதையே எடுத்தேன். அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய் வந்து பார்த்தால், அருச்சுனனின் முடியில் கைவிரல் போகுமளவு குழிகள். ரெஜிபோமும் அதே பொலிஸ்டைரின்தான், ஊதி வைத்தது. விடிய விடிய மட்டையில் வெட்டி ஒட்டி, தண்ணீர்ப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

சரி, எந்தப் பெயின்ட்? கடையில் நூறு பெயர் இருந்தாலும் நமக்கு வேண்டிய குடும்பங்கள் ஐந்துதான்.

வல்லேஹோ, கிரியேட்டெக்ஸ் போன்றவை தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக். மணம் குறைவு, வீட்டுக்குள் வைத்து அடிக்கலாம், பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. குறை என்னவென்றால் ஊசி நுனியில் சீக்கிரம் காய்ந்து அடைக்கும், பிரைமர் என்ற பிடிப்புக் கோட் முதலில் அடிக்காத பிளாஸ்டிக்கில் நகம் பட்டால் உரிந்துவிடும். இவற்றுக்கு அந்தந்தக் கொம்பனியின் தின்னரையே வாங்குங்கள். அல்ககோல் சேர்ந்த தின்னரை வல்லேஹோவில் விட்டால் பாலில் தேசிக்காய் பிழிந்த மாதிரித் திரையும். எயார் பிரஷில் பெயின்ட் விடும் கப்புக்குள் திரைந்தால் நொசிலைக் கழற்றாமல் மீள வழியில்லை.

தமியா போத்தல்களிலும் அக்ரிலிக் என்றுதான் எழுதியிருக்கும். புதியவர்கள் விழுகிற குழி இது. எக்ஸ், எக்ஸ்.எஃப். என்று தொடங்கும் தமியா பெயின்ட்டில் அல்ககோல் இருக்கிறது. அதன் எக்ஸ்-20ஏ தின்னரிலும் ஐசோபுரோப்பைல் அல்ககோல் உண்டு. மிஸ்டர் ஹொபியின் எக்குவஸ் வகையும் இதன் சொந்தக்காரர்தான். எயார் பிரஷில் இவை அடிபடும் அழகே தனி: மெல்லியதாகப் படியும், சீக்கிரம் காயும், தின்னர் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக முகம் சுளிக்காது. மிஸ்டர் லெவலிங் தின்னர் என்று ஒரு லக்கர் தின்னர் வருகிறது. அதை இவற்றில் கலந்தால் இன்னும் வழவழப்பாகப் படியும், ஏனென்றால் அதற்குள் காய்வதைத் தாமதப்படுத்தும் சாமான் ஏற்கனவே இருக்கிறது. பெயர் அக்ரிலிக் என்பதற்காகத் தமியாவையும் வல்லேஹோவையும் ஒரே கப்பில் கலக்க மட்டும் வேண்டாம்.

மூன்றாவது லக்கர். மிஸ்டர் கலர், தமியாவின் எல்.பி. வரிசை எல்லாம் இதில் அடங்கும். இறுக்கத்திலும் நுணுக்கத்திலும் இதை வெல்ல ஒன்றுமில்லை. "லக்கர் பிளாஸ்டிக்கைத் தின்னாதா?" என்று கேட்பீர்கள். மொடலுக்கென்று வரும் லக்கர் தின்னர் ஹாட்வெயார் என்.சி. தின்னரை விடச் சாந்தமானது, மெல்லிய கோட்டாக அடித்தால் பிளாஸ்டிக்கை லேசாகக் கவ்விப் பிடிப்பதோடு நின்றுவிடும். ஈரமாகக் குளிப்பாட்டினால் அதுவும் தின்னும். என்.சி. தின்னரைத் தூக்கி எறிய வேண்டாம், இரும்புப் பாகங்களைக் கழுவ நல்லது. அதற்கு மேல் அதற்கு மொடல் மேசையில் வேலை இல்லை.

எனாமல் உங்களுக்குத் தெரியும். ஹம்ப்ரோல் மாதிரி மொடல் எனாமலில் நிறத்தூள் நுண்ணியதாக அரைபட்டிருக்கும், ஒன்றுக்கு ஒன்று டர்பன்டைன் விட்டால் ஓடும். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எனாமலும் ஓடத்தான் செய்யும், ஆனால் 0.3 நொசிலில் துப்பும், காயவும் நாள் எடுக்கும். எனாமல் காய்வது தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டும் அல்ல, காற்றில் உள்ள ஒட்சிசனைப் பிடித்து இறுகவும் வேண்டும். அதனால்தான் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அழுத்தினால் விரல் ரேகை பதியும். அப்படி அரைகுறையாகக் காய்ந்த எனாமலுக்கு மேல் லக்கர் கிளியர், அதாவது நிறமில்லாத மேல் கோட், அடித்தால் ஆறிய பாலின் ஆடை மாதிரிச் சுருங்கி எழும்பும். லக்கர் கீழே, அக்ரிலிக் நடுவில், எனாமல் மேலே என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

ஐந்தாவது கார், மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பேஸ் கோட்டும் அதற்கு மேல் அடிக்கும் 2கே கிளியரும். அதை ஹெல்மெட், டாங்கி பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

இனிக் கலவை. தொடங்குவதற்கான எண்கள் இவை. வல்லேஹோ மொடல் கலர் ஒரு பங்குக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு தின்னர். அதே கொம்பனியின் மொடல் எயார் ஏற்கனவே இளக்கி வருவது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கேட்காது. தமியா அக்ரிலிக் ஒன்றுக்கு ஒன்று, நுணுக்க வேலைக்கு ஒன்றுக்கு இரண்டு. மிஸ்டர் கலர் ஒன்றுக்கு இரண்டு. கிரியேட்டெக்ஸ் விக்கெட் வகைக்கு அதன் 4012 ரெடியூசர் (அந்தக் கொம்பனியின் தின்னர்), பத்து வீதத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஆனால் என் கண் பார்ப்பது எண்ணை அல்ல, கப்பின் சுவரை. கலக்கிய குச்சியால் ஒரு சொட்டைக் கப்பின் உள் சுவரில் மேலே தொட்டு விடுங்கள். அது இறங்கும் விதத்தைப் பாருங்கள். நம்மூர் எருமைத் தயிர் மாதிரி அங்கேயே குந்தியிருந்தால் போத்தலில் இருந்து வந்த கோலம் அது, இன்னும் தின்னர் வேண்டும். எருமைப் பால் மாதிரி மெல்ல இறங்கி, பின்னால் தடித்த படலத்தை விட்டுப் போனால் கிட்டத்தட்ட வந்துவிட்டது, அகலமாக அடிக்கும் அடிக் கோட்டுக்கு இது போதும். பால்மாவைத் தண்ணீர் கொஞ்சம் கூடக் கரைத்த மாதிரி வழுக்கி இறங்கி, பின்னால் கண்ணாடி போல மெல்லிய நிறத்தை மட்டும் விட்டுப் போனால், அதுதான் 0.3 நொசிலுக்கு நான் எடுக்கும் பதம். தொட்ட உடனேயே கீழே ஓடி, சுவரில் நிறமே நிற்காமல் தனித்தனி முத்தாகப் பிரிந்தால் மோர் ஆகிவிட்டது. ஒரு சொட்டுப் பெயின்ட் விட்டுத் திருப்பி எடுங்கள்.

கலக்கும்போது தின்னரை முதலில் விடுங்கள், பெயின்ட்டைப் பிறகு. மாறிச் செய்தால் கட்டிப் பெயின்ட் முதலில் கப்பின் அடிக் கழுத்துக்குள் இறங்கிக் குந்திவிடும். மேலே எவ்வளவு கலக்கினாலும் அது கலங்காது, அடிக்கத் தொடங்கி ஒரு நிமிடத்தில் துப்பும். முதல் நாள் உங்களுக்குத் துப்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னும் நல்லது, பார்மசியில் வாங்கும் ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து ஒரு சின்னப் போத்தலில் கலந்து, பழைய நைலோன் காலுறைத் துண்டால் வடித்துக் கப்பில் விடுவது. வடித்த துணியை ஒருமுறை விரித்துப் பாருங்கள், அதில் நிற்கும் தோலும் கட்டியும் உங்கள் நொசிலுக்குள் போயிருக்க வேண்டியவை.

தண்ணீர்ப் பெயின்ட்டுக்கு வெறும் தண்ணீர் விடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கொஞ்சம் விடலாம். கடற்கரை ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்பும் சுண்ணாம்பும் ஊசியில் படிந்துவிடும். பெட்டரிக்கு விடும் சுத்திகரித்த தண்ணீர் நல்லது. வாங்கும்போது லேபலை வாசியுங்கள், பக்கத்திலேயே பெட்டரி அசிட் போத்தலும் நிற்கும். தண்ணீர் அளவுக்கு மீறினால் இன்னொரு வினை. பிசின் ஐதாகி, தூளைப் பிடிக்கப் பலமில்லாமல் போகும். காய்ந்தபிறகு விரலால் தேய்த்தால் சோக்கட்டி மாதிரிக் கையோடு வரும். மிகவும் மெல்லிய, ஊடு தெரியும் நிறம் வேண்டுமென்றால் தண்ணீரைக் கூட்டாமல் நிறமில்லாத எயார் பிரஷ் மீடியத்தைக் கூட்டுங்கள், அதற்குள் பிசின் இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடச் சொல்வார்கள். நுரைக்கும், மேல் கோட் ஒட்டாது, நான் விட்டுவிட்டேன்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். இந்தப் பதிலை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வைகாசியிலிருந்து ஆவணி வரை நமக்குக் கச்சான் வீசும். (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: கச்சான் என்றால் எங்களுக்கு வேர்க்கடலையும்தான், இது அது அல்ல.) தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டின் மறு பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இல்லாமல் நம் பக்கம் இறங்கிச் சுட்டுக்கொண்டு வரும். உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சாரம் கண் மூடித் திறக்கக் காயும். அதே வேகத்தில் உங்கள் பெயின்ட்டும் காயும், மொடலில் பட்ட பிறகு அல்ல, நொசிலுக்கும் மொடலுக்கும் இடையில் பறக்கும்போதே. பறந்து போய் ஒட்டுவது ஈரத் துளி அல்ல, பாதி காய்ந்த தூசு. தடவினால் மண் அப்பிய மாதிரி இருக்கும். ஊசி நுனியிலும் தோல் கட்டி, கோடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், திடீரென்று ஒரு பெரிய சொட்டாகத் துப்பும். புதியவர்கள் கட்டி என்று நினைத்து தின்னரைக் கூட்டுவார்கள். அதனால் தீராது, ஏனென்றால் அந்தத் தின்னரே பாதி வழியில் ஆவியாகப் போய்விடுகிறது.

அங்கே வேண்டியது ரிட்டாடர், அதாவது மெதுவாகக் காயவைக்கும் சாமான். தண்ணீர்ப் பெயின்ட்டுக்கு, அதை லேசாக ஓடவைக்கும் ஃப்ளோ இம்புரூவரோ ரிட்டாடரோ பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு. கிடைக்காவிட்டால் பார்மசிக் கிளிசரின் உதவும், ஆனால் ஊசி முனையால் தொட்டு விடுகிற அளவுதான், கூடினால் அடுத்த நாளும் பிசுபிசுக்கும். லக்கருக்கும் தமியாவுக்கும் நான் மேலே சொன்ன லெவலிங் தின்னர். அமுக்கத்தைக் கொஞ்சம் குறையுங்கள், கையைக் கிட்டக் கொண்டு போங்கள், பக்கத்தில் ஈரமாக்கிய கொட்டன் பட்ஸ் ஒன்று வைத்து இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஊசி நுனியைத் துடையுங்கள். எல்லாவற்றையும் விட லேசான வழி, விடியற்காலையில் அடிப்பது. எட்டு மணிக்குப் பிறகு கச்சான் தொடங்கினால் நான் மெஷினைக் கழுவி வைத்துவிட்டு பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கிங் வெட்டுகிற வேலைக்குப் போய்விடுவேன். தொடங்குமுன் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்தால் தூசும் அடங்கும்.

மறுகா, ஐப்பசி கடந்து மழையோடு வாடை தொடங்கும்போது எல்லாம் தலைகீழ், காற்றெல்லாம் ஈரம். கார்த்திகை, மார்கழியில் அடித்த தண்ணீர்ப் பெயின்ட் காயவே காயாது. ஒரு கோட் காயுமுன் அடுத்ததை அடித்தால் கீழே ஈரம் பூட்டுப்பட்டுப் பிறகு கொப்பளிக்கும். லக்கருக்கு வேறு நோய். அடித்த உடனே பளபளவென்று இருக்கும், இரண்டு நிமிடத்தில் மேலே சாம்பல் பூசிய மாதிரி வெளுக்கும். முதல் தடவை கண்ட அன்று பழைய தின்னர் தந்துவிட்டான் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகப் பார்த்தேன். உண்மையில், தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த அந்தப் பரப்பில், குளிர்ந்த சோடாப் போத்தலில் வியர்ப்பது மாதிரி, காற்றின் ஈரம் படிகிறது. காயாத லக்கருக்குள் அந்த ஈரம் மாட்டிக்கொண்டால் வெளுப்பு. மருந்து மறுபடியும் மெதுவான தின்னர்தான். வெளுத்த இடத்தில் லெவலிங் தின்னரை மட்டும் பனி மாதிரி மெல்லியதாக ஒருமுறை அடித்தால் லக்கர் திரும்பக் கொஞ்சம் இளகி, ஈரம் வெளியேறி, பெரும்பாலும் பளபளப்பு திரும்பி வரும். கொட்டும் மழையில் லக்கர் அடிக்காமல் இருப்பது இன்னும் நல்ல மருந்து.

வாடைக் காலத்தில் கொம்பிரசரும் அழும். ஈரக் காற்றை அமுக்கினால் தண்ணீர் பிரியும், ரியூப்பில் ஓடி நொசில் வழியே ஒரு சொட்டாக உங்கள் வேலையில் விழும். கொம்பிரசர் வாயிலேயே பூட்டி வரும் தண்ணீர்ப் பொறி முழுதாகப் பிடிக்காது, அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கிறது, நீராவியாகவே கடந்து போய்விடும். ரியூப்பில் ஓடி ஆறிய பிறகுதான் தண்ணீராகும். அதனால் எயார் பிரஷ் பிடிக்கு அடியில் பூட்டும் சின்னப் பொறி ஒன்றை வாங்கிப் போடுங்கள். டாங்கி உள்ள கொம்பிரசர் என்றால் வேலை முடிந்ததும் அடிவால்வைத் திறந்து தண்ணீரை விடுங்கள்.

அமுக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 0.3 நொசிலுக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்குங்கள். ட்ரிகரை அழுத்திக்கொண்டு பாருங்கள், காற்று ஓடாமல் நிற்கும்போது மீற்றர் காட்டுவது உண்மைக் கணக்கு அல்ல. பழைய பால்மாப் பெட்டி மட்டையில் ஒரு புள்ளியும் ஒரு கோடும் அடியுங்கள். புள்ளியைச் சுற்றிச் சிலந்திக் கால் ஓடினால் ஐதாகிவிட்டது, அல்லது அமுக்கம் கூட. புள்ளி பொட்டுப் பொட்டாகச் சிதறினால் கட்டி, அல்லது அமுக்கம் போதாது. கப்புக்குள் குமிழி வந்தால் பெயின்ட்டைத் திட்ட வேண்டாம், நொசில் சரியாக இறுகவில்லை அல்லது வெடித்திருக்கிறது.

நிறங்களில் வெள்ளைதான் ஆளைச் சோதிக்கும். தித்தானியம் டைஒக்சைட் பாரமான தூள், அடியில் படியும், மூடிப் பிடிக்க நிறையத் தூள் போட்டுச் செய்திருப்பார்கள், அதனால் அடைப்பதும் அதுதான். வெள்ளையை மற்ற நிறங்களைவிட ஐதாக்கி, வடித்து, நாலைந்து மெல்லிய கோட்டாக அடியுங்கள். முதல் கோட்டில் கீழே தெரிகிறதே என்று பயந்து குளிப்பாட்ட வேண்டாம். பொன், வெள்ளி, பேர்ள் நிறங்களில் செதில் பெரிது, அவற்றுக்கு 0.4 அல்லது 0.5 நொசில் வேண்டும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் மலிவு என்று அதை வடித்து அடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் விலைக்காகச் சேர்த்த சுண்ணாம்புத் தூள் பருமனானது, மேடைப் பின்திரைக்குப் பெரிய ஸ்ப்ரே கன்னில் அருமையாக அடிபடும், உங்கள் எயார் பிரஷுக்கு ஆகாது. பாடசாலை போஸ்டர் கலரில் பிசின் குறைவு, காய்ந்ததும் உதிரும்.

ஹெல்மெட்டுக்கு முன் ஒரு தடை போடுகிறேன். விலை குறைந்த ஹெல்மெட்டுகளில் ஓடு பொலிகார்பனேட்டாகவோ ஏ.பி.எஸ்.ஸாகவோ இருக்கும். தின்னர் பட்டால் பொலிகார்பனேட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், விழுந்தபோது தலையைக் காக்க வேண்டியது அங்கேயே பிளக்கும். ஹெல்மெட்டோடு வரும் தாளில் பெயின்ட், தின்னர் படக்கூடாது என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான். அப்படி எழுதியிருந்தால் அதில் அடிக்க வேண்டாம், நான் வாங்குவதே இல்லை. ஃபைபர் ஓட்டு ஹெல்மெட் என்றால் பழைய கிளியரை 1000 நம்பர் சாண்ட்பேப்பரால் ஈரத்தில் மங்கவைத்து, தண்ணீர் அடிப்படைப் பெயின்ட்டில் படம் அடிக்கலாம்.

டாங்கியின் எதிரி பெற்றோல். எவ்வளவு அழகாக அடித்தாலும், ஷெட்டில் பெற்றோல் அடிக்கும்போது வழியும் ஒரு சொட்டு அக்ரிலிக்கையும் லக்கரையும் கரைத்துக்கொண்டு இறங்கும். தாங்குவது ஹார்ட்னர் சேர்த்த 2கே கிளியர். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்த்துமா பிடிக்கும், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும், ஆளைச் சாய்க்க. மணத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. வெளிக் காற்றை ரியூப்பில் கொண்டுவந்து சுவாசிக்கத் தரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. ஆகவே படத்தை நீங்கள் அடித்து, நன்றாகக் காயவைத்து, கிளியரை முறையான பூத் உள்ள கராஜில் கொடுத்து அடியுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். கொடுக்குமுன் உங்கள் படத்தில் என்ன பெயின்ட் என்று பாஸிடம் சொல்லுங்கள், முதல் கோட்டை அவர் ஐதாக அடிப்பார்.

மற்றப் பெயின்ட்டுகளுக்கும் முகமூடி வேண்டும். துணி மாஸ்க்கும், மூக்கில் கட்டிய லேஞ்சியும் தின்னர் ஆவியை நிறுத்தாது, கரி அடைத்த காட்ரிஜ் வைத்த முகமூடி வேண்டும். தண்ணீர்ப் பெயின்ட் மணக்காவிட்டாலும் நிறத்தூள் நுரையீரலுக்குள் போகும், கட்மியம் என்று எழுதியிருக்கும் நிறங்களை ஸ்ப்ரே பண்ணவே வேண்டாம். பிறகு நம்மூர்ப் பழக்கம் ஒன்று: பொழுதுபட்டால் நுளம்புத் திரி. லக்கர் அடிக்கிற அறையில் திரியும் வேண்டாம், சாமிப் படத்துக்கு விளக்கும் வேண்டாம். தின்னர் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தவழ்ந்து போய் மூலையில் இருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போது வாங்குவது: தமியா அக்ரிலிக்கில் கறுப்பு, வெள்ளை, ஒரு சாம்பல், ஒரு பச்சை, அதற்கு எக்ஸ்-20ஏ பெரிய போத்தல் ஒன்று, மிஸ்டர் லெவலிங் தின்னர் ஒன்று. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இவற்றைத் தேடி அலைய வேண்டாம், கொழும்பில் மொடல் சாமான் விற்பவர்களிடம் சொல்லி எடுப்பதே சுருக்கம். வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் லக்கர் தின்னரை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள், எரியும் சாமான். பத்து நிறம் கொண்ட பெட்டி மலிவாக வந்தாலும் வேண்டாம், நாலு நிறத்தில் பதம் பிடிபடட்டும். கரைந்த விமானத்தை எறிய வேண்டாம், கரையாத மற்றச் செட்டையில் ஒரு மாதம் அடித்துப் பழகுங்கள். ஐஸ்கிரீம் கப்போடு தரும் பிளாஸ்டிக் கரண்டிகளும் நல்லவை, வளைந்த பரப்பில் பெயின்ட் எப்படி ஓடுகிறது என்று காட்டும். ஒவ்வொரு கரண்டியின் பின்னும் திகதி, தின்னர் அளவு, அன்றைக்கு அடித்த காற்று மூன்றையும் எழுதிவையுங்கள். என் பழைய கொப்பியில் இல்லாமல் போனது அந்த மூன்றாவதுதான்.

மிஞ்சிய கலவையைத் திரும்பப் பெரிய போத்தலில் ஊற்ற வேண்டாம், சின்னப் போத்தலில் மூடி லேபல் ஒட்டினால் லக்கரும் தமியாவும் சில நாள் இருக்கும், தண்ணீர்ப் பெயின்ட்டை அன்றே முடித்துவிடுங்கள். மெஷின் கழுவிய தின்னரை வாய்க்காலில் ஊற்றினால் அது வாவிக்கோ தோணாவுக்கோதான் போகும். நான் ஒரு பழைய பால்மா டின்னில் சேர்த்து, நெருப்பும் பிள்ளைகளும் அண்டாத வேலியோரம் மூடி வைக்கிறேன். நிறம் அடியில் படிந்ததும் மேலே தெளிந்த தின்னரை அடுத்த முறை கழுவ எடுக்கலாம், அடியில் மிஞ்சியதைக் காயவிட்டு, காய்ந்த தோலை உரித்துக் குப்பைக்குப் போடலாம்.